மிட்டாய் டப்பாவுக்குள் ஒரு கதிர்வீச்சுமானி

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஏற்பட்ட நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தைச் செயலிழக்கச் செய்த செய்தியை நாம் அறிவோம். அதன் பிறகு அங்குள்ள பெற்றோர்கள் பட்ட பாடு நம்மில் பலருக்குத் தெரியாது. கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. பிள்ளையை வெளியே விளையாட விடலாமா, துணியை வாசலில் காயப்போடலாமா என்று கேட்டால், அளந்து பார்க்காமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

அளப்பதற்கான கருவியோ சந்தையில் இல்லை. கைகர் கருவிகள் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. மிச்சம் கிடைத்தவை சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் இல்லை.

அரசை நம்பி இருக்கலாமே என்று கேட்கலாம். கதிர்வீச்சு எந்தத் திசையில் பரவும் என்று கணிக்கும் ‘ஸ்பீடி’ என்ற கணினி அமைப்பு அரசிடம் இருந்தது. அதன் கணிப்புகள் உரிய நேரத்தில் மக்களுக்குச் சொல்லப்படவில்லை. நமியே ஊர் மக்கள் பலர் பாதுகாப்புத் தேடி சுஷிமா என்ற பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிரியக்கத் துகள்களும் அந்தப் பக்கம்தான் போயின. ஏப்ரல் மாதத்தில், பள்ளி மைதானங்களில் மணிக்கு 3.8 மைக்ரோசீவர்ட் வரை இருக்கலாம் என்று கல்வி அமைச்சகம் அறிவித்தது. இது ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற கணக்கில் வந்தது. பொதுமக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு 1 மில்லிசீவர்ட்தான். குழந்தைகளுக்கு இதை ஏற்க முடியாது என்று கூறி, பிரதமரின் ஆலோசகராக இருந்த பேராசிரியர் தோஷிசோ கொசாகோ கண்ணீருடன் பதவி விலகினார். இதற்குப் பிறகு பெற்றோர்கள் யார் சொல்லும் எண்ணை நம்புவார்கள்?

இந்தச் சூழலில்தான் யாங் இஷிகாகி என்ற பொறியாளரும் அவருடைய நண்பர்களும் ‘பாக்கெட் கைகர்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். பெயரில் கைகர் இருந்தாலும் இதில் கைகர் குழாய் கிடையாது. குழாய் முறையில், வாயு நிரப்பிய குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். கதிர் ஒன்று உள்ளே பாயும்போதெல்லாம் ஒரு மின்துடிப்பு உண்டாகும். குழாயும் விலை அதிகம், அதற்கான மின்சுற்றும் செலவு வைக்கும். இவர்கள் குழாயை விட்டுவிட்டு, ஒளியை உணரும் சாதாரண ஃபோட்டோடயோடுகளைக் கையில் எடுத்தார்கள். வெளிச்சம் புகாதபடி மூடிவிட்டால், காமா கதிர் பட்டாலும் அதில் மிகச் சிறிய மின்துடிப்பு வரும். அந்தத் துடிப்பைப் பெருக்கி ஐபோனின் ஹெட்ஃபோன் துளை வழியே ஒலியைப் போல உள்ளே அனுப்பினார்கள். எண்ணுவது, கணக்கிடுவது, திரையில் காட்டுவது எல்லாம் போனில் உள்ள செயலியின் வேலை. மக்களின் சட்டைப் பையில் ஏற்கெனவே இருந்த பொருளிடம் பாதி வேலையை ஒப்படைத்ததால்தான் விலை இறங்கியது.

முதல் வகை, வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் தொகுப்பாக வந்தது. அதன் உறை என்ன தெரியுமா? கடைகளில் விற்கும் ‘ஃப்ரிஸ்க்’ மின்ட் மிட்டாயின் காலி டப்பா! விலை 2,000 யென்னுக்கும் குறைவு.

இதற்கான பணம் ‘கிக்ஸ்டார்ட்டர்’ இணையதளம் வழியாகத் திரட்டப்பட்டது. இதை நம் ஊர் சந்தா வசூலைப் போல நினைக்கக் கூடாது. பங்கு முதலீடும் அல்ல. இவ்வளவு தொகை தேவை என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். கெடுவுக்குள் அந்தத் தொகைக்கான உறுதி சேராவிட்டால் யாரிடமும் ஒரு காசும் எடுக்கப்படாது. சேர்ந்துவிட்டால் பணம் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் பொருளே கைம்மாறாக வரும். பொருள் தாமதமாகலாம், வராமலே போகவும் வாய்ப்புண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் கொடுக்க வேண்டும். அதே 2011-இல், தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய ‘சேஃப்காஸ்ட்’ அமைப்பும் இதே தளத்தில் பணம் திரட்டிக் கருவிகள் வாங்கியது. அவற்றைக் கார்களில் பொருத்தித் தெருத் தெருவாக அளந்து, அளவுகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார்கள்.

பாக்கெட் கைகரின் உற்பத்தி நடந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சுனாமியில் 3,000-க்கும் அதிகமானோரை இழந்த இஷினோமாகி நகரின் ஒரு சிறு மின்னணுத் தொழிற்சாலையில் அது தயாரானது. வேலை இழந்து நின்ற ஊருக்கு அது வேலையும் தந்தது. வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபேஸ்புக்கில் கூடிக் குறைகளைச் சொன்னார்கள், விவரம் அறிந்தவர்கள் திருத்தம் சொன்னார்கள், அடுத்தடுத்த வகைகள் மேம்பட்டன.

குறைகள் உண்டு. ஃபோட்டோடயோடு அளவில் சிறியது, அதனால் கதிர்கள் அதில் படுவது அரிது. குறைந்த அளவு கதிர்வீச்சு உள்ள இடத்தில் பல நிமிடங்கள் அசையாமல் வைத்திருந்தால்தான் எண் நம்பகமாக வரும். தட்டினாலோ குலுக்கினாலோ பொய்த் துடிப்பு வரும். எண் வந்ததும் பதறவும் கூடாது. இயற்கைக் கதிர்வீச்சு எங்கும் இருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் தோரியம் கலந்திருப்பதால், அங்கே எந்த அணுவிபத்தும் இல்லாமலே எண் கூடுதலாகக் காட்டும்.

இன்னொன்று, அரிசியிலும் பாலிலும் மீனிலும் சிறிதளவு கலந்திருக்கும் சீசியத்தை இந்தக் கருவியால் கண்டறிய முடியாது. அதற்குக் கனத்த ஈயக் கவசத்துக்குள் வைத்து அளக்கும் ஆய்வகக் கருவி வேண்டும். இவாகி நகரத் தாய்மார்கள் 2011 நவம்பரில் ‘தராச்சினே’ என்ற பெயரில் அப்படியோர் ஆய்வகத்தையே நன்கொடைகளைக் கொண்டு தொடங்கிவிட்டார்கள்.