இப்பொதியை அடுக்கியவர் யார்?

நாயாற்றுப் பகுதியிலிருந்து வெளிநாடு செல்லப் புறப்படும் பிரயாணி எவரும் தம் பொருளை மாத்திரம் கொண்டு செல்வதில்லை. தொரன்ரோவிலிருக்கும் மகனுக்கென ஒரு தாய் கருவாட்டுப் பொதியொன்றைக் கொண்டுவருவார். இலண்டனிலிருக்கும் பேத்திக்கெனப் பாட்டியார் பனங்கட்டியும் புழுக்கொடியலும் கட்டிக் கொடுப்பார். “பெட்டியில் இடமிருந்தால் இதனையும் வைத்துக்கொள், தம்பி” என்று கேட்பவரை மறுக்க நம்மவர்க்கு மனம் வருமோ? ஆனால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உத்தியோகத்தர் வினவுவது வேறு: “இப்பொதிகளை நீங்களே அடுக்கினீர்களா? பிறர் தந்த பொருள் ஏதேனும் உண்டா?” நம்மிற் பலர் இதனைச் சடங்கெனக் கருதி விடையிறுத்துவிடுகின்றனர்.

இவ்வினாவிற்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஏப்ரல் 17ஆம் நாள் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கருவுற்றிருந்த ஐரிஷ் பெண்ணொருவர் இஸ்ரேலிய விமானம் ஒன்றில் ஏற வந்தார். அவர் கையிலிருந்த பையை மணம் புரிவதாக வாக்களித்திருந்தவனே தந்திருந்தான். நிலையத்தின் பொதுச் சோதனையை அப்பை கடந்துவிட்டது. விமானக் கம்பனியின் காவலர்களோ அதனைத் தாமும் ஆராய்ந்து, போலியான அடித்தட்டின் கீழ் வெடிமருந்து மறைந்திருந்ததைக் கண்டெடுத்தனர். அப்பெண் ஏதுமறியாதவர். தாம் சுமப்பது தம் சாவு என்பதும், உடன் செல்லவிருந்த 300க்கு மேற்பட்டோரின் சாவு என்பதும் அவருக்குத் தெரியாது.

நமக்கு அண்மையிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்துள்ளது. 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கத்தில், கொழும்பு செல்லும் விமானத்திற்கெனப் பொதிகளைப் பதிவு செய்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. அவருடைய பொதிகள் நிலையத்திலேயே தங்கிவிட்டன. எச்சரிக்கை வந்தும் அவை உரிய காலத்தில் அகற்றப்படாமையால், வெடித்துச் சுமார் 30 உயிர்களைக் கொண்டுபோயின. மாண்டோரிற் பலர் இலங்கையர். உடையவனற்ற பொதியை விமானத்தில் ஏற்றாது விடுதல் மாத்திரம் போதாது, அதனைப் பிரயாணிகளிடமிருந்தும் அகற்றல் வேண்டும் என்பதை அவ்விரவு உணர்த்திற்று. இரண்டாண்டுகளின் பின், 1986 மே 3ஆம் நாள், கட்டுநாயக்காவிலேயே எயார் லங்கா விமானமொன்று வெடித்து 21 பேர் மாண்டனர்.

இவையெல்லாவற்றிலும் கொடியது 1985 ஜூன் 23ஆம் நாள் அயர்லாந்துக்கு அப்பால் கடலில் வீழ்ந்த ‘கனிஷ்கா’ என்னும் எயார் இந்தியா விமானத்தின் கதை. மாண்டவர் 329 பேர். வன்கூவரிற் பதிவான பொதியொன்று தன் சொந்தக்காரனின்றித் தனியே தொரன்ரோவிற்குச் சென்று அவ்விமானத்தில் ஏறியது. தொரன்ரோவில் பொதிகளைச் சோதித்த எக்ஸ் கதிர் இயந்திரம் பாதியிற் பழுதாகவே, கையிற் பிடிக்கும் கருவியொன்றைக் கொண்டு எஞ்சியவற்றைப் பார்த்தனர். அந்நகரின் மோப்ப நாய்களோ அன்று பயிற்சிக்காக வன்கூவருக்குச் சென்றிருந்தன. மொன்றியலில் ஒரு நாய் வந்தது. அது வந்து சேர்ந்தபோது விமானம் புறப்பட்டுவிட்டது. இதனைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது.

இன்றைய ஏற்பாடுகள் இத்தகைய துயரங்களின் பின்னரே வலுவடைந்தன. சர்வதேச விமானங்களில் ஏற்றப்படும் பொதி அனைத்தையும் சோதித்தல் வேண்டும் என்னும் விதி 2006 ஜனவரி 1ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. சோதனை இயந்திரத்தின் திரையில் உலோகம் பெரும்பாலும் நீலமாகத் தோன்றும். உணவு, துணி, தாள் போன்றவை செம்மஞ்சளாகத் தோன்றும். வெடிமருந்தும் செம்மஞ்சளே! நெருக்கமாய்க் கட்டிய பனங்கட்டியும் அந்நிறமே. ஆதலின் இயந்திரம் ஐயுறுவதில் வியப்பில்லை. பொதியைப் பல கோணங்களிற் படம்பிடித்து அடர்த்தியை அளக்கும் புதிய இயந்திரங்கள் இவ்வையத்தைக் குறைக்கின்றன, முற்றாக நீக்குவதில்லை.

இயந்திரம் உருவத்தையும் அடர்த்தியையும் காணும். நாய் மணத்தையே காணும். வெடிமருந்து தேடும் நாய் அதனைக் கண்டதும் குரைப்பதோ பிறாண்டுவதோ இல்லை, அமைதியாக அமர்ந்துவிடும். பிறாண்டினால் நேரும் விபரீதத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அதற்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் ஒரு பந்து மாத்திரமே. சிறிது நேரம் உழைத்ததும் அதற்கு ஓய்வு வேண்டும். களைத்த மூக்கு பயன்படாது. மணம் மிகக் குறைந்த பிளாஸ்டிக் வெடிமருந்துகளை இனங்காண எளிதாகும்படி, அவற்றில் அடையாளப் பொருளொன்றைக் கலத்தல் வேண்டும் என 1991இல் மொன்றியலில் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லா நாய்களும் வெடிமருந்தையே தேடுவன அல்ல. ஆவுஸ்திரேலிய நிலையங்களில் இறைச்சி, பழம், விதை ஆகியவற்றை மோப்பம் பிடிக்கும் நாய்களும் உள்ளன. பாட்டியாரின் பொதி அங்கே அகப்பட்டால், அறிவிக்காது கொணர்ந்ததற்குத் தண்டமும் உண்டு.

வன்னி மக்களுக்குப் பொதியைத் திறந்து காட்டுதல் என்றதும் நினைவுக்கு வருவது விமான நிலையமன்று, ஓமந்தைச் சோதனைச் சாவடியே. வெயிலில் வரிசையாய் நின்று, உடுபுடைவைகளைப் பிறர் கிளறக் கண்ட மூதாட்டிக்கு, விமான நிலையத்தில் கையுறையணிந்தவர் பெட்டியைத் திறக்கும்போது உடல் நடுங்குவது இயல்பே. அந்நடுக்கத்தை நாம் எள்ளி நகையாடோம். ஆனால் இங்கே இயந்திரத்திற்கு முன் எவர் பெட்டியும் ஒன்றே; ஐயத்திற்குரியது பொதியே, பிறப்பன்று. அவ்வாறன்றி ஒருவரின் பெயரையும் ஊரையும் பார்த்துத் திறப்பவர் உளராயின், அது பாதுகாப்புமன்று, கடமையுமன்று.

இனி, அந்தக் கருவாட்டுப் பொதியை என் செய்வது? மறுக்க வேண்டியதில்லை. எடுத்துச் செல்பவரும் கொடுப்பவரும் ஒருங்கிருந்து, கொடுப்பவர் கையாலேயே அதனை அவிழ்க்கச் செய்து, உள்ளிருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து, மீண்டும் கட்டுதல் வேண்டும். “என்னை நம்பவில்லையா, தம்பி?” எனக் கேட்டால், “விமான நிலையத்தில் கேட்பார்கள் அம்மா, நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும்?” எனலாம். தைத்து மூடிய பொதியாயின் தையலைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பிரிக்க மறுப்பாராயின், அதனை வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டியதுதான்.