மாய உலகமும் மனிதனின் காலமும்

விளையாட்டு எதற்கும் ஒரு முடிவு உண்டு. சதுரங்கம் முடிந்ததும் காய்களைப் பெட்டியில் இடுகிறோம். பொழுது சாய்ந்ததும் மைதானத்தை விட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் இணையத்தில் அமைந்துள்ள மாய உலகங்களுக்கு இத்தகைய அந்தி கிடையாது. நாம் உறங்கும்போதும் அவை இயங்கிக்கொண்டே இருக்கின்றன; பிற ஆட்டக்காரர்கள் முன்னேறிக்கொண்டே இருக்கிறார்கள். இவ்விஷயத்தின் சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தோன்றுகிறது.

ஹைதராபாத் நகரில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பின்னர், நகரின் மேற்குப் பகுதி கணினித் தொழிலின் கேந்திரமாக வளர்ந்தது. அயல்நாட்டு நேரத்தை அனுசரித்து இரவில் பணிபுரிவோர் அங்கே பலர். 2020இல் கொள்ளைநோயை முன்னிட்டுப் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் கைபேசியே வகுப்பறையாயிற்று. பாடமும் ஆட்டமும் ஒரே கருவியில் அமைந்தமையால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் எல்லை மறைந்தது.

சட்டமும் அதன் எல்லையும்

பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தெலங்கானா அரசு 2017இல் தடை செய்தது. 2025இல் பார்லிமெண்ட் இத்தகைய தடையை நாடு முழுவதற்கும் விதிக்கும் சட்டத்தை இயற்றியது. பண நஷ்டத்தைச் சட்டம் தடுக்கக்கூடும். கால நஷ்டத்தைத் தடுப்பது அத்துணை எளிதன்று. 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய ஆட்டங்களில் ஈடுபடலாகாது என்று தென் கொரியா 2011இல் விதித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் அவ்விதியைக் கைவிட்டு, பெற்றோரும் பிள்ளைகளும் நேரத்தை நிர்ணயித்துக்கொள்ளும் முறையையே நம்பலாயிற்று.

விட முடியாமையின் காரணம்

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக்கொண்டு சோதனைகள் நடத்தினார். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் கிடைக்கும் என்பது தெரியாதவாறு அமைத்தபோது, புறா ஓயாமல் கொத்தியது. தானியம் நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்தியது. ஆட்டங்களில் எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுகளும் இவ்வாறே செயற்படுகின்றன. அன்றியும், குழுவாக ஆடுபவன் இடையில் விலகினால் தோழர்கள் தோற்பர். ஆகவே, இதனை மன உறுதியின்மை என்று மட்டும் பழிப்பது பொருந்தாது.

ஆடுவோர் அனைவரும் நோயாளிகளும் அல்லர். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மூன்று அடையாளங்களைக் கூறுகிறது: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற அலுவல்களைவிட அதற்கே முதலிடம் அளித்தல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல். இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்து, வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்தால்தான் அது நோய் எனப்படும். இத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை.

செய்யத்தக்கவை

முதலில் பறிபோவது உறக்கம். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. எனவே இரவில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல் நலம். நடு ஆட்டத்தில் அதனைப் பறிப்பது சினத்தையே வளர்க்கும். “இந்த ஆட்டத்தோடு நிறுத்து” என்று முன்னரே சொல்வது பயன் தரும். இவ்விதி பெற்றோருக்கும் பொருந்த வேண்டும். நிலைமை கைமீறியதாகத் தோன்றினால், 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

மாய உலகில் அந்தி தானாக வருவதில்லை. வீட்டார் ஒன்றுகூடித்தான் அதனை வரவழைக்க வேண்டும்.