சாரலா, மழையா? அளந்து பார்த்து விதையுங்கள்

காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் வானத்திலிருந்து விழுவதில் பனி எவ்வளவு, மழை எவ்வளவு என்று பிரித்துக் கணக்கெழுதுகிறார்கள். வெப்பநிலை சைபர் டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் பனி. இரண்டு மூன்று டிகிரிக்கு மேலே போனால் பெரும்பாலும் மழை. விழுந்த பனியை உருக்கித் தண்ணீராக்கி அளப்பார்கள். மழை உடனே ஓடிவிடும். பனி உருகி ஆற்றுக்கு வர மாதக்கணக்காகும். அதனால்தான் இரண்டு கணக்கு.

நம்ம தென்காசிப் பக்கம் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஆனால் நமக்கும் ஒரு பிரிவினைக் கணக்கு உண்டு. சாரல் ஒரு பக்கம், மழை ஒரு பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மிச்ச ஈரத்தைத்தான் ஆரியங்காவு கணவாய் வழியே நமக்குக் கொண்டுவருகிறது.

குற்றாலத்தில் அருவி விழுவதைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரமாச் சாரல் அடிக்குதே, விதைச்சிரலாம்" என்று மானாவாரிக்காரர் கிளம்பிவிடுகிறார். அருவியில் வருவது மலைமேல் பெய்த தண்ணீர். உங்கள் புஞ்சைக்கு அது கணக்கல்ல. நாள் பூரா நசநசவென்று தூறினாலும் சில நாள் ஒரு மி.மீ. கூடச் சேராது. மேல்மண் நிறம் மாறியிருக்கும். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால் கீழே புழுதி! முளைத்த விதை வேர் இறங்க ஈரமில்லாமல் கருகும். விதைக்காசும் உழவுக்கூலியும் போச்சு.

அளப்பது சுலபம். வாய் 11¼ செ.மீ. அகலமுள்ள வட்ட டப்பா ஒன்று போதும். அதில் 10 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியாலேயே அளக்கலாம். வானிலை இலாகா அளக்கிற மாதிரி தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதுங்கள். மரம், சுவர் இருந்தால் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி, தாழ்வாக வையுங்கள். காற்றடித்தால் சாரல் டப்பாவில் விழாமல் பறந்துவிடும். பனி அளக்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான்!

ஒரு நாளில் 2.5 மி.மீ. சேர்ந்தால்தான் இலாகா அதை மழை நாள் என்று எழுதும். அதற்குக் குறைந்ததை நீங்கள் சாரல் பத்தியில் எழுதுங்கள். 1 மி.மீ. என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். கேட்கப் பெரிசுதான், நல்ல வெயில் நாளில் அதைவிடக் கூடுதலாகவே ஆவியாகிவிடும்.

சாரலை இளக்காரமாகச் சொல்லவில்லை. நிற்கிற பயிருக்கு அந்த மேகமூட்டம் வாட்டத்தைக் குறைக்கும். ஆனால் கார் நெல்லில் இலை ஓயாமல் நனைந்தே கிடந்தால் குலை நோய்க்கு வசதி, அதையும் கவனியுங்கள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு பத்தியையும் கூட்டுங்கள். சாரல் பத்தியில் நாள் நிறைய, மி.மீ. கொஞ்சம் என்று வந்தால், மானாவாரி விதையை அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை குதிரிலேயே வைத்திருங்கள்.