வளரும் எலும்புகள் – 7: முழங்காலில் நோவு, இடுப்பில் வியாதி

முழங்காலுக்குக் கீழே புடைத்து நிற்கும் எலும்பைப் பற்றி, பாஸ்டனில் ஆஸ்குட்டும் ஜூரிச்சில் ஷ்லாட்டரும் 1903ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதியது ஒருவருக்குத் தெரியாமல் எழுதிவைத்த கதையைச் சென்ற வாரம் படித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே அதை மீண்டும் சொல்லப்போவதில்லை. இந்த வாரம், காலையில் எழுந்ததும் மூட்டுகள் பிடித்துக்கொள்ளும் இளம்பிராயத்து வாத வியாதியைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதன் நிமித்தம் புரட்டிய புத்தகங்களுக்கு நடுவே ஜான் ஹில்டன் என்ற பழைய ஆங்கிலேய சர்ஜன் ஒருவர் வந்து உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறார். பத்திரிகைக்கு அனுப்பவேண்டிய கெடுவோ நாளைக் காலை.

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் பிரேத அறுவைக் கூடமே கதியென்று கிடந்து ‘அனாடமிக்கல் ஜான்’ என்று பட்டப்பெயர் வாங்கிய இந்த ஹில்டன் அறுத்து வைத்த அவயவங்களைப் பார்த்து, ஜோசப் டவுன் என்ற சிற்பி மெழுகில் அச்சு அசலாக உருவங்கள் செய்தார் என்பதும், அந்தச் சிற்பி அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலை செய்து தம் தொழில் ரகசியத்தைப் பொத்திப் பொத்திக் காத்தார் என்பதும் நமக்கு வேண்டாத கதைகள். ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நமக்கு வேண்டியது, 1860 முதல் 1862 வரை ராயல் சர்ஜன்கள் கல்லூரியில் ஹில்டன் நிகழ்த்திய உபந்நியாசங்களில் இருக்கிறது. ஒரு மூட்டை அசைக்கும் தசைகளுக்கு எந்த நரம்பு செல்லுகிறதோ, அதே நரம்புதான் அந்த மூட்டின் உட்புறத்துக்கும், தசைகள் போய்ச்சேரும் இடத்தின் மேல்தோலுக்கும் கிளை விடுகிறது என்பது அவர் கண்ட விதி. கீழ்முதுகுத் தண்டிலிருந்து புறப்பட்டு, இடுப்பெலும்பில் உள்ள ஒரு துவாரத்தின் வழியே வெளிவந்து, தொடையின் உட்புறத் தசைகளை ஆளும் நரம்பொன்று, போகிற போக்கில் இடுப்பு மூட்டுக்கு ஒரு கிளையும், கீழே இறங்கி முழங்காலுக்கு ஒரு கிளையும் கொடுத்துவிட்டுப் போகிறது. நம் பம்பாய் மாதுங்காவின் பழைய கட்டடமொன்றில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே அழைப்புமணி இருந்தால், மேல்வீட்டு விருந்தாளிக்குக் கீழ்வீட்டார் எழுந்துவந்து கதவு திறப்பதுபோல, இடுப்பில் பிறந்த நோவுக்கு முழங்கால் குரல் கொடுக்கிறது.

இது வெறும் சுவாரஸ்யம் என்று எண்ணிவிட வேண்டாம். 10 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையே, பையன் ‘கிடுகிடு’வென்று வளருகிற காலத்தில், தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அதன் கழுத்துக்கும் நடுவே உள்ள வளர்ச்சித் தட்டு பலவீனப்பட்டு, தலை மெல்ல மெல்லப் பின்புறமாக நழுவிவிடுகிற வியாதி ஒன்று உண்டு. உடல் கனத்த பிள்ளைகளுக்கு இது அதிகம். தைராய்டு முதலிய சுரப்பிகளில் கோளாறு உள்ளவர்களுக்கு மெலிந்த தேகத்திலும் வரும். கீழே விழுந்ததாகவோ அடிபட்டதாகவோ பிள்ளை சொல்லமாட்டான். செம்பூர் செட்டாநகர் முருகன் கோயில் படியேறும்போது முட்டி வலிக்கிறது என்பான், சில வாரங்களாகப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டு விந்தி விந்தி நடப்பான். வீட்டில் முட்டிக்கு அமிர்தாஞ்சனம் தடவுவார்கள், சுளுக்கு என்று நீவிவிடுவார்கள்.

அமிர்தாஞ்சனம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நம்மவர்கள் மயிலாப்பூர்ச் சரக்கு என்று உரிமை கொண்டாடும் அந்த மஞ்சள் தைலம், காசிநாதுனி நாகேஸ்வர ராவ் என்ற ஆந்திரப் பெரியவரால் 1893இல் இதே பம்பாயில்தான் தொடங்கப்பட்டது. அவர் நடத்திய ஆந்திர பத்திரிகையும் 1908இல் இங்கேதான் வாரப் பத்திரிகையாகப் பிறந்தது. தைலம் விற்ற பணத்தில் பத்திரிகை நடத்தியவரை, பத்திரிகைக்கு எழுதுகிறவன் நன்றியோடு நினைக்காமல் இருப்பது தர்மமல்ல. ஆயினும் நழுவிய எலும்புக்கு அத்தைலம் மருந்தல்ல, நீவுவதோ அபாயம்.

நோயை அறியும் விதம் எளிது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை மார்பை நோக்கி மெதுவாக உயர்த்துகிறார் வைத்தியர். ஆரோக்கியமான கால் நேராக மேலே வரும், நழுவிய கால் தானாகவே வெளிப்பக்கம் விலகிக்கொண்டு போகும். பிறகு எக்ஸ்ரே. முன்பக்கத்திலிருந்து மட்டும் எடுத்த படத்தில் ஆரம்ப நிலைச் சரிவு கண்ணுக்குத் தப்பிவிடும். தவளை உட்காருவதுபோல் கால்களை அகட்டிவைத்து எடுத்த படத்தில் பிடிபடும். ‘முட்டி வலிக்குதுன்னு வந்தா இடுப்பைப் படம் எடுக்கச் சொல்றாங்களே’ என்று சந்தேகப்பட்டு, சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடும் பெற்றோர் உண்டு. அவர்களுக்காகத்தான் ஹில்டனை இவ்வளவு தூரம் இழுத்துவந்தேன். உறுதிப்பட்டால் சிகிச்சை, நழுவிய இடத்திலேயே தலை நிற்கும்படி ஒரு திருகாணியைச் செலுத்துவது. தாமதித்தால், தடி ஊன்றியும் அடியெடுத்து வைக்க முடியாத நிலை திடீரென்று வந்து, எலும்பின் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டமே கெட்டுவிடக்கூடும். மற்றொரு காலையும் கண்காணிக்க வேண்டும், அதுவும் நழுவுவதுண்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் 2013இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், இவ்வாறு நழுவிய 15 பேரிடம் வைட்டமின் டி குறைவைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வைட்டமினைத் தரும் வெயில் தாராவியின் சந்துகளில் தரைக்கு இறங்குவதேயில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் வெயில் தாராளமாக இறங்குகிறது, பள்ளியிலிருந்து டியூஷனுக்கும் டியூஷனிலிருந்து பாடப்புத்தகத்துக்கும் போகிற பிள்ளைதான் அதில் நிற்பதில்லை.

இடுப்பு, முழங்கால் நோவின் மற்றக் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்ல இடமிருக்கிறது. மாலைக் காய்ச்சல், இளைப்பு, தூக்கத்தில் அலறி எழுதல் இவற்றோடு வரும் இடுப்பு நோவில் க்ஷயரோகத்தைச் சந்தேகிக்க வேண்டும். நம் நகரில் அது அபூர்வமல்ல, மருந்துக்குக் கட்டுப்படுவதுமாகும். சிறு வயதில் பெர்த்தெஸ் வியாதி வந்து எலும்பின் தலை தட்டையாகிப்போனவர்களுக்குப் பதின்பருவத்தில் நோவு மறுபடி தலைகாட்டலாம். 1945 முதல் ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் சலங்கை கட்டிவிடும் மாதுங்காவில் இதையும் சொல்லவேண்டும்: அரைமண்டியில் கால் விரிவது இடுப்பு மூட்டிலிருந்து விரியவேண்டும், தொடை எலும்பு இயற்கையாகவே உட்பக்கம் முறுகிய சிறுமி அதை முழங்காலைத் திருகிச் சமாளித்தால், நோவு முழங்காலில்தான் வரும்.

காலை விறைப்பு வாதம் அடுத்த வாரம். இம்முறை யாரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை ஒரு வேண்டுகோள். நொண்டுகிற பிள்ளையின் நோவை வளர்ச்சி வலி என்று ஒதுக்காதீர்கள். வளர்ச்சி வலி சிறு பிள்ளைகளுக்கு இரவில் இரு கால்களிலும் வந்து விடிந்ததும் போய்விடும், நொண்டவைக்காது. சயான் ஆஸ்பத்திரிக்கோ பரேல் வாடியாவுக்கோ அழைத்துப் போங்கள். முட்டியை மட்டும் பார்த்து அனுப்பினால், ‘இடுப்பையும் ஒருதரம் பாருங்கள், டாக்டர்’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.