ஆங்கிலக் கட்டுரையும் நம் பிள்ளைகளும்

தேர்வு நெருங்கும் நாட்களில் நம் பங்குகளின் பல இல்லங்களில் ஓர் ஓசையைக் கேட்கலாம். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைப் பிள்ளை உரக்க ஓதி நெட்டுருச் செய்யும் ஓசை அது. அக்கட்டுரை எவரோ எழுதியது, துணைநூலில் அச்சானது. தேர்வில் அதே தலைப்பு வந்தால் பிள்ளை தப்பித்துக்கொள்கிறான். தலைப்புச் சற்று மாறினாலோ எழுதுகோல் நின்றுவிடுகிறது.

பள்ளியில் சில மதிப்பெண்களோடு போகும் இக்குறை, கல்லூரியில் வாழ்வையே தொடுகிறது. தமிழில் பயின்று வந்த மீனவர் மகனும் உப்பளத் தொழிலாளர் மகளும் பாடத்தை நன்கு அறிந்திருந்தும், அதை ஆங்கிலத்தில் விளக்கி எழுத இயலாமல் பின்தங்குகின்றனர். சிலர், "நமக்கு அறிவு போதாது" என்றே முடிவு கட்டிப் படிப்பை விடுகின்றனர். இது பெரும் இழப்பு. குறை அறிவில் அன்று, பயிற்சியில்தான்.

விளக்கக் கட்டுரை என்பது யாது? ஒரு பொருளை அறியாத ஒருவருக்கு, அது என்ன, எவ்வாறு நிகழ்கிறது, ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்று முறைப்படத் தெரிவிப்பதே அது. அழகிய சொற்கள் அதற்கு அணியாகலாம்; உயிராக மாட்டா. தெளிந்த எண்ணமும் ஒழுங்குமே அதன் உயிர்.

பிறமொழியில் விளக்கி எழுதக் கற்ற ஒருவரை நம் கடற்கரையே கண்டிருக்கிறது. அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் வழங்கப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துகீசிய சேசு சபைக் குரு. தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரின் வாயையே நம்பியிருந்த அவர், அது போதாதெனக் கண்டு தாமே தமிழ் கற்கத் துணிந்தார். தாம் அறிந்த இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, தமிழ் வினைச்சொற்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப எவ்வாறு திரிகின்றன என்று குறித்துக்கொண்டார். அக்குறிப்புகளே பின்னர்ப் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமாக உருப்பெற்றன.

அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் முந்தியது அதுவே. அதன் அளவு 16 பக்கங்கள்தாம். அதன் முகப்பில் மனுவேல் தெ சான் பேத்ரோ என்னும் மற்றொரு குருவின் பெயரும் காணப்படுகிறது. அடுத்த ஆண்டு 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு' வெளிவந்தது. சிறியதில் தொடங்கினார், பிறர் துணையை நாடினார், நாற்பது ஆண்டுக் காலம் விடாது உழைத்தார். 1600-இல் மறைந்த அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

இதற்கு எதிர்த்திசையில் சென்றவர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொனில் பிறந்த அவர் ஆங்கிலத்தில் கல்வி பயின்றவர். தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாக வடக்கன்குளம் பள்ளியில் பணியாற்றியபோதுதான் பண்டிதர் ஒருவரிடம் தமிழிலக்கியத்தை ஆழக் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். 1952-இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழின் சிறப்பை உலகுக்கு விளக்கினார். அவரிடம் ஆங்கிலம் முன்பே இருந்தது. அவ்வாங்கிலத்தால் உலகுக்கு எடுத்துரைக்கத்தக்க பொருளைத் தந்தது, பின்னர் கற்ற தமிழே. சொல்லப் பொருளின்றி மொழி மட்டும் இருந்து பயனில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் பிள்ளைகளிடம் சொல்லப் பொருள் இல்லையா? முத்துக்குளிப்பையே எடுத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடாவில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்கு குளித்தல் அதன் பின்னும் தொடர்ந்தது. அந்நாளைய செய்தி அறிந்த பாட்டனாரிடம் பிள்ளை கேட்டறியட்டும். முத்துச் சிப்பிகள் வாழும் 'பார்' என்பது யாது? மூழ்குபவர் கல்லின் துணையோடு இறங்கியது ஏன்? மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் யார்?

மைத்துனரே கயிறு பிடிப்பார் என்பது நம் கரையில் வழங்கும் பேச்சு. கடற்கரைப் பிள்ளைக்கு இது விளங்கும். தில்லியிலுள்ள ஒருவருக்கோ காரணம் சொல்ல வேண்டும்: கடலுக்குள் இருப்பவர் தம் சகோதரியின் கணவர், கயிறு தவறினால் சகோதரியின் தாலி போகும், ஆகவே அவர் கை தளராது. இந்த 'ஆகவே'தான் விளக்கக் கட்டுரை. இதனை எந்தத் துணைநூலும் தர இயலாது.

பொருள் கிடைத்த பின் மொழிக்கு வருவோம். தமிழில், "விடியலில் எழுந்து, தோணியேறி, பாருக்குச் சென்று, மூழ்கி, சிப்பி எடுத்தனர்" என்று எச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரே வினைமுற்றால் முடிக்கலாம். ஆங்கிலத்தில் அவ்வாறே அடுக்கினால் வாக்கியம் சிக்குண்டு போகும். இரண்டு மூன்றாகப் பிரித்தல் நலம். தமிழில் எழுவாய் மறைந்து நிற்கலாம்; ஆங்கிலத்தில் பெரும்பாலும் வெளிப்பட வேண்டும். 'ஏ', 'தி' என்னும் சுட்டுச் சொற்கள் தமிழில் இல்லாமையால் பிள்ளைகள் அவற்றை விட்டுவிடுகின்றனர். "எனக்குத் தெரியும்" என்பதை "ஐ ஆம் நோயிங்" என்று எழுதுகின்றனர். "ஐ நோ" என்பதே முறை. இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல், அண்டிரிக் அடிகளார் காட்டிய வழியே.

பெற்றோரே, ஆங்கிலம் அறியாத நீங்களும் இதில் ஆசிரியராகலாம். வாரம் ஒரு பொருளைக் குறித்துப் பிள்ளையைத் தமிழில் பேசச் செய்யுங்கள். உப்பளத்தில் உப்பு விளைவது எப்படி, வலை பின்னுவது எப்படி என்று கேளுங்கள். தெளிவற்ற இடத்தில், "அது ஏன்?" என்று மறித்துக் கேளுங்கள். பின்னர் அவன் அதனைப் பத்தே சிறு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் எழுதட்டும். ஆசிரியர் திருத்தித் தந்ததை மீண்டும் ஒருமுறை முழுமையாக எழுதட்டும். திருத்தத்தைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடினால் பாதிப் பயனே கிட்டும். திருப்பி எழுதும்போதுதான் கை கற்கிறது.

முதல் மாதம் பத்து வாக்கியங்களில் பத்துப் பிழைகள் இருக்கலாம். அதற்காக நகைக்கவோ கடியவோ வேண்டா. நெட்டுருச் செய்த பிழையற்ற பக்கத்தைவிட, தானே எண்ணி எழுதிய பிழையுள்ள பக்கம் மேலானது. முன்னதைத் தேர்வு முடிந்ததும் பிள்ளை மறந்துவிடுவான். பின்னதோ, நாளைக் கல்லூரியிலும் அலுவலகத்திலும், தான் அறிந்ததைத் தலை நிமிர்ந்து எடுத்துரைக்க அவனுக்கு உதவும்.