பின்சீட்டுக்குத் தெரியாத கியர்

டெல்லியில் பாராபுல்லா மேம்பாலம் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகத் திறக்கப்பட்டது. சராய் காலே கானில் ஏறினால் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் பக்கம் இறங்கும்வரை ஒரு சிக்னல்கூடக் குறுக்கிடாது. விடிவதற்கு முன்னால் போனால் டாப் கியரில் ஓட்டலாம். ஒன்பது மணிக்குப் போனால் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர்தான்.

அந்தச் சாலையை ஒட்டி, ஜங்புராவில், பாராபுல்லா வடிகால் ஓரத்தில் இருந்தது மதராசி கேம்ப். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த இடம். பெண்களில் பலர் பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆண்களின் பிழைப்புகளில் கார் ஓட்டுவதும் ஒன்று. வடிகாலைத் தூர்வாரத் தடையாக இருப்பதாகச் சொல்லி, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189-க்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகளும் நரேலாவில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி. காலை ஏழு மணிக்கு நிஜாமுதீனில் முதலாளி வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்து நிறுத்த வேண்டிய டிரைவர், அந்த வண்டியிடம் போய்ச் சேரவே விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும்.

கியர் வண்டி ஓட்டத் தெரிவது டெல்லியில் பலருக்கு இன்று பொழுதுபோக்கு. வார இறுதியில் ஸ்போர்ட்டி காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர்களின் பெருமை. மதராசி கேம்ப் போன்ற இடங்களில் அது மாதச் சம்பளம். வித்தை என்னவோ இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதல் பாடம் கிளட்ச். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதன்மேல் அழுந்திக் கிடப்பது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் பிளேட் விலகும். எஞ்சின் சுற்றும், வண்டி நகராது. பெடலை மெல்ல விடும்போது பிளேட் உரசி உரசிப் பிடிக்கத் தொடங்கும். அந்த நொடியில் எஞ்சின் சத்தம் தணியும், வண்டி லேசாக அதிரும். நல்ல பயிற்சியாளர் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரைத் தொடவே விடமாட்டார். கிளட்சை மட்டும் விட்டு வண்டியை ஊர்ந்து போக வைக்கச் சொல்வார். காதாலும் பாதத்தாலும் கற்க வேண்டிய பாடம் அது. டயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் வண்டி நின்றுவிடும்.

கற்றபின் வருவது ஹாஃப் கிளட்ச் என்கிற கெட்ட பழக்கம். டெல்லியின் ஆஷ்ரம் சந்திப்பு நெரிசலில் காலைப் பெடலிலேயே வைத்து ஊர்ந்தால், உரசலில் பிளேட் தேய்ந்து கருகிய வாடை வரும். பிறகு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

மதராசி கேம்ப் இருந்த இடத்துக்கு ரயில் பாதையின் மறுபக்கம் சராய் காலே கான். அங்கே மாருதி நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. மாருதியின் இத்தகைய நிலையங்களில் முதலாவது 2000-இல் டெல்லியிலேயே தொடங்கியது. பயிற்சி எங்கே பெற்றாலும், நம் லைசென்ஸில் ஒரு விசித்திரம் உண்டு. சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்கில் தேறினால் 3ஏ, கியர் வண்டியில் தேறினால் 3 என்று தனித்தனி வகுப்பு. மலேசியாவிலும் டிஏ, டி என்று பிரிவு உண்டு. இந்தியாவில் இலகுரக வாகன லைசென்ஸுக்கு அந்தப் பாகுபாடு கிடையாது. கிளட்சையே பார்க்காதவர் கையிலும் அதே அட்டைதான். ஆகவே வேலைக்கு ஆள் எடுக்கிறவர் அட்டையைப் பார்த்துத் திருப்தியடையாமல், "ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க" என்று கேட்பது நியாயம்தான். டிரைவர்களுக்கு நல்ல செய்தி 2024 நவம்பரில் வந்தது. இந்த லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை, சரக்கு வண்டிகளையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

கியர் ஆர்வலர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மை ஒன்று: வேகம்தான் சுகம் என்றால் மேனுவலுக்காக வாதாட இடமே இல்லை. 1989 பிரேசில் பந்தயத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டி கியர் மாற்றும் ஃபெராரியை ஓட்டி நைஜல் மான்செல் ஜெயித்தார். சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் முழுவதும் அந்த வழிக்கு மாறியது. இன்றைய இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மாற்றும் வேகத்துக்கு எந்த மனிதக் கையும் ஈடாகாது.

பிறகு எதில்தான் சுகம்? வளைவுக்கு முன் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும் தருணத்தைப் பாருங்கள். கீழ் கியரில் எஞ்சின் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். அப்படியே கிளட்சை விட்டால் வண்டி குலுங்கும். கியர் விழும் நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, எஞ்சின் சுற்றை உயர்த்திவிட்டு கிளட்சை விட்டால், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மாறும். பந்தயக்காரர் இதைச் செய்வது டயரின் பிடி நழுவாமலிருக்க. வீட்டு டிரைவர் செய்வது பின்சீட்டில் பேப்பர் படிக்கும் ஐயாவின் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவாமலிருக்க. பின்சீட்டுக்காரருக்கு கியர் மாறியதே தெரியக் கூடாது. என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் கடினமான தேர்வு.

சாதாரண வண்டியிலிருந்து பந்தயத்துக்குப் போன கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் தம் முதல் பந்தயத்தை அதில்தான் ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2011-இல் டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவின் புத்தா சர்க்யூட்டில், 5.125 கிலோமீட்டர் தடத்தில், சொந்த மண்ணில் ஓட்டி 17-ஆவதாக வந்தார்.

சாலைக்கான குட்டி ராக்கெட்டுகளிலும் நம் ஊர்ப் பங்கு உண்டு. 1999-இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான் 'ஜோஷ் மெஷின்' என்ற விளம்பரத்தோடு விற்றது, அதன் 1.6 லிட்டர் எஞ்சினை இன்றும் சிலர் பெருமூச்சோடு நினைவுகூர்வார்கள். 2018-இல் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டாக டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன், 5 கியர், மேனுவல் மட்டும், அறிமுக விலை 6.39 லட்சம். இரண்டு வருடத்துக்குள் நின்றுபோனது. இந்தியாவில் ஆர்வலர்கள் கைதட்டுவார்கள், காசோலை எழுதமாட்டார்கள்.

மாறாக, 2014-இல் மாருதி செலேரியோவில் வந்த மலிவான ஏஎம்டி என்ற தானியங்கி கியர் வென்றது. கிளட்சும் கியரும் பழையவையே. கிளட்சை மிதிக்கும், கியரை மாற்றும் வேலைகளை மட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. டெல்லி நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

சம்பளக்காரர் ஒருவர் ஜோரான கியர் வண்டி வாங்க நினைத்தால் பழைய வண்டிதான் வழி. அங்கேயும் டெல்லியில் முட்டுக்கட்டை: 10 ஆண்டு கடந்த டீசல், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற விதி. 2025 ஜூலையில் இவற்றுக்கு பெட்ரோல் பங்கில் எரிபொருளே கிடையாது என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் வயதை மட்டும் காட்டி வண்டிக்காரர்மேல் நடவடிக்கை வேண்டாமென்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அதற்குள் நன்றாகப் பராமரித்த ஐகான்களும் ஃபியட் பாலியோக்களும் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வெளிமாநிலம் போயிருந்தன. புதிதாக வேண்டுமென்றால் ஹூண்டாய் ஐ20 என் லைன் இருக்கிறது. 2023 முதல் அதில் மூன்று பெடலும் 6 கியரும் உண்டு. அதுவும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தயாரிப்புதான்.