மண்ணும் தண்ணீரும் ஒரே பாடம்: மலையகப் பிள்ளைக்கு ஒரு முதுமாணிப் பட்டம்

பதுளை ரயிலில் நானுஓயா, அம்பேவெல தாண்டினால் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் கிடையாது. ஊருக்கு மேலே ஹோட்டன் சமவெளி. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே ஊற்றுக்கண் இருக்கிறது. மலையைக் குடைந்து பாதை போடுவது ஒரு திணைக்களத்தின் வேலை, ஆற்றின் தலையைக் காப்பது இன்னொரு திணைக்களத்தின் வேலை என்று நாட்டில் பிரித்து வைத்திருக்கிறார்கள். குடிசார், சுற்றாடல் பொறியியல் முதுமாணிப் படிப்பு இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்கிறது.

குடிசார் பொறியியல் என்றால் வீதி, பாலம், அணை, கட்டடம் என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றாடல் பொறியியல் என்றதும் மரம் நடுகிற படிப்போ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடிநீரைச் சுத்திகரிப்பது, கழிவுநீரை அகற்றுவது, குப்பை, நிலத்தடி நீர், காற்று மாசு, இவைதான் அதன் பாடங்கள். முன்பு சுகாதாரப் பொறியியல் என்ற பெயரில் குடிசார் துறைக்குள்ளேயே இருந்தது. 1858இல் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் தாங்காமல் லண்டன் திணறியபோது, ஜோசப் பசல்ஜெட் கட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள்தான் வாந்திபேதியை அந்த நகரத்திலிருந்து விரட்டின. மருத்துவர் செய்யாத வைத்தியத்தை எஞ்சினியர் செய்தார்.

நமக்கு லண்டன் வரை போகத் தேவையில்லை. வெலிமடைப் பக்கம் இறங்கினால் உமா ஓயா. அந்த ஆற்று நீரை மலைக்கு அடியில் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் கிரிந்தி ஓயாப் பக்கம் விட்டு, 120 மெகாவாட் மின்சாரமும் எடுப்பதுதான் திட்டம். சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த 2014 டிசம்பரில், பாறை வெடிப்புகளில் நின்ற நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு கசிவு. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, ஜனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் திறக்கப்பட்டது 2024 ஏப்ரலில்தான்.

இது சுரங்கப் பிரச்சினையா, தண்ணீர்ப் பிரச்சினையா? முதுமாணி வகுப்பில் இந்தக் கேள்வியை இப்படிப் பிரித்துக் கேட்க விடமாட்டார்கள். பாறையின் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது, நீரின் அழுத்தம் எவ்வளவு, சீமெந்துக் கலவையை எந்த நேரத்தில் செலுத்தி அடைப்பது என்பதைப் படிக்கிற அதே மாணவர், தோண்டுவதற்கு முன்பே மேலே உள்ள கிணறுகளின் நீர்மட்டத்தை மழைக்காலத்திலும் வெயில்காலத்திலும் அளந்து வைக்கவும் படிக்க வேண்டும். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்திலிருந்தே விதி. அறிக்கைக்கு இங்கே பஞ்சமில்லை. அந்த அறிக்கையை வாசித்துச் சுரங்கத்தின் பாதையை மாற்றச் சொல்லும் அளவுக்கு இரண்டும் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

மண்சரிவும் அப்படித்தான். தேயிலை மலையில் கான் வெட்டுகிற பழைய ஆட்களுக்குத் தெரியும், தண்ணீர் போக வழி இல்லாவிட்டால் மலை நிற்காது. பாடப்புத்தகம் அதைக் கணக்காகச் சொல்கிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருப்பதால்தான் சரிவு நிற்கிறது. மழை உள்ளே இறங்கித் துகள்களுக்கு இடையில் உள்ள நீரின் அழுத்தம் ஏற ஏற அந்தப் பிடி தளர்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழை அளவை வைத்து எச்சரிக்கை விடுவதும் இதனால்தான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் இடம் மாறச் சொல்லி முன்பே எச்சரித்திருந்தார்கள். மாறிப்போக இடம் கொடுக்கப்படவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண்சரிவும் ரயில் பாதைச் சேதமும் சொல்லி முடியாது.

ஈரக் களிமண் எப்போது நிலைகுலைகிறது என்ற கேள்வியில் உலகம் மதிக்கும் ஒரு தமிழ்ப் பெயர் உண்டு. வடமராட்சியில் பிறந்த அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்தவர். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்டு ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண் இயக்கவியல் படிப்பவர்கள் இன்றும் தாண்டிப்போக முடியாத ஒன்று. பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். நம் பாடசாலைச் சுவர்களில் மாட்டியிருக்கும் அறிஞர் படங்களுக்கு நடுவே அவருக்கு ஏன் இடமில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, எப்படிப் போவது? உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு முதல் முட்டுக்கட்டை இங்கேதான்: இந்தப் பிரிவு உள்ள தமிழ்மொழிப் பாடசாலையைத் தேடி வீட்டைவிட்டுத் தூரம் போக வேண்டியிருக்கிறது. ஒரு சலுகை உண்டு. கல்வியில் பின்தங்கியவை என்று அரசு குறித்த 16 மாவட்டங்களில் நுவரெலியாவும் ஒன்று. மாவட்ட ஒதுக்கீட்டோடு, இந்த மாவட்டங்களுக்கென்று தனியாக ஒதுக்கிய 5 வீதத்திலும் பங்கு கிடைக்கும். பேராதனை, மொறட்டுவை, ருகுணு, கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவில் தென்கிழக்கு, எங்கே போனாலும் நான்கு வருடம், பாடம் ஆங்கிலத்தில். வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு.

திறந்த பல்கலைக்கழகம் தவிர, அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டம் இலவசம். முதுமாணிக்குக் காசு கட்ட வேண்டும். இதை அறியாமல் வந்து திகைத்து நிற்பவர்கள் பலர். பேராதனையிலும் மொறட்டுவையிலும் வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பதால், நீர்வழங்கல் சபையிலோ வீதி அபிவிருத்தி அதிகார சபையிலோ வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்களே அதிகம். சேரும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்ட முதுமாணி பாடங்களால் ஆனது, 30 திறமைப் புள்ளிகள். 10ஆம் மட்டம் 60 புள்ளிகள், ஆய்வும் அதில் அடக்கம். பதவி உயர்வுக்கு முதலாவது போதும். கலாநிதிப் பட்டமோ விரிவுரையாளர் வேலையோ மனதில் இருந்தால் இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாடு என்றால் தாய்லாந்தின் ஆசிய தொழில்நுட்ப நிறுவகம், தண்ணீருக்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பான் அரசின் மொன்புகாகுஷோ புலமைப்பரிசில், பொதுநலவாய நிதி. 2014இலிருந்து வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை முழு உறுப்பு நாடு என்பதால், இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்கு வெளியிலும் மதிப்பு உண்டு. சுற்றாடல் விஞ்ஞானத்தில் முதல் பட்டம் முடித்தவர்களும் சில இடங்களில் சேரலாம். ஆனால் அடித்தளத்தில் பொறியியல் பட்டம் இல்லாமல், முதுமாணியை மட்டும் வைத்துப் பட்டயப் பொறியியலாளர் ஆவது கடினம். விளம்பரங்களில் இது இருக்காது.

முதுமாணி ஆய்வுத் தலைப்புக்காகப் பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தலைப்பு ஊரிலேயே இருக்கிறது: அம்பேவெலப் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்து உரம் ஓடையில் எவ்வளவு கலக்கிறது, லயத்துப் பீலித் தண்ணீரில் கிருமி எந்த மாதத்தில் கூடுகிறது, எத்தனை நாள் மழைக்குப் பிறகு ரயில் பாதை ஓரத்து மண் அசைகிறது. இவற்றில் எதை எடுத்தாலும் மழைக் கணக்கு வேண்டும். பல தோட்டங்கள் தினமும் மழையை அளந்து பதிந்து வைத்திருக்கின்றன. அந்தப் பதிவேடு பெரிய துரையின் ஆபிசில் இருக்கும். பல்கலைக்கழகக் கடிதத்தோடு முதல் தவணையிலேயே போய்க் கேட்பது நல்லது. அனுமதி கொழும்பில் உள்ள கம்பனியிலிருந்து வர வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும்.